மீதிப் பத்து மில்லி செகண்ட்

ஜனவரி 11

அன்புள்ள சிட்டு,

இங்கே மூவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. இனி வலித்தால் வாய்தான் வலிக்க வேண்டும், அவ்வளவு பேசுகிறார். எல்லாம் உன்னைப் பற்றித்தான்.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீதான் சட்டம் போட்டாய். சரி, எழுதுகிறேன். கடிதத்தில் சண்டை போட வேண்டுமானால் உறை வாங்கி, தபால் தலை ஒட்டி, தெருமுனை வரை நடக்க வேண்டும். அதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடுகிறது. மீதிப் பாதி இதோ.

பத்திரிகையில் உன் படம் பார்த்தோம். "கண் சிமிட்டுவதற்குள் ஒரு கோடிக் கணக்கு" என்று தலைப்பு. அப்பா அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். பால் எடுக்கப் போனால் நீ, தண்ணீர் எடுக்கப் போனால் நீ. நானும் பதினோரு வருஷமாகக் குவாண்டம் கணினியோடுதான் மாரடிக்கிறேன். என் படம் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் தாண்டி எங்கேயும் வந்ததில்லை.

போன வாரம் நிதிக் குழு எங்கள் ஆய்வகத்தைப் பார்க்க வந்தது. என் இரண்டு அயனிகளைத் திரையில் காட்டினேன். வெற்றிடப் பெட்டிக்குள், எதையும் தொடாமல், மின்புலத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் இரண்டு நீலப் புள்ளிகள். எனக்கு இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனசு நிறையும். குழுவில் ஒரு பெரிய மனிதர் கேட்டார்: "உங்க தங்கச்சியோட சிப்பு ஒரு படி போட முப்பது நானோ செகண்டாமே. உங்களுது எவ்வளவும்மா?" தொண்ணூறு மைக்ரோ என்றேன். அவர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, மூவாயிரம் மடங்கு மெதுவா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் மாமாவும் சிரிக்கிறார்.

எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைக்காதே. அப்படி நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறாய்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மெதுவான அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

நான் சௌக்கியம். உனக்குக் கண் எரிச்சல் இருந்ததே, மருந்து விடுகிறாயா? வயிற்றெரிச்சலுக்கு என்னிடம் மருந்து இல்லை.

அந்தப் பெரிய மனிதர் பாதிதான் கேட்டிருக்கிறார். என் சிப் வேகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஞாபக சக்தி கிடையாது. நூறு மைக்ரோ செகண்டில் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதற்குள் கணக்கை முடிக்க வேண்டுமே என்றுதான் இந்த ஓட்டம். உன் அயனிகள் நிமிடக் கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும். உன்னை மாதிரியே. நான் ஏழாவது படிக்கும்போது உன் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப் போய் பஞ்சராக்கியதை இந்த நரை விழுகிற வயதிலும் சொல்லிக் காட்டுகிறவள்தானே நீ.

ஒன்று கேட்க வேண்டும். ஒரு படிக்குத் தொண்ணூறு மைக்ரோ சரி. ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு? அயனியைக் குளிர வைத்து, கணக்குப் போட்டு, விடையைப் படித்து, மறுபடி ஆரம்பிக்கும் வரை? ஒரே கணக்கை ஆயிரம் தடவை போட்டுத்தானே நாம் விடையையே நம்புகிறோம். அப்படியானால் சுற்றுதானே உண்மையான வேகம்?

இங்கே நிலைமை அவ்வளவு சரியில்லை. பத்திரிகையில் படம் வந்த மறுவாரமே எங்கள் குழுவைக் கலைக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். மே கடைசி வரைதான் வேலை. பதினேழு பேர். அப்பாவிடம் சொல்லாதே, ஃப்ரிட்ஜ் பக்கம் போகவே பயப்படுவார்.

மாமாவுக்கு என் அன்பு. அப்பாவின் முழங்காலுக்கும்.

சிட்டு

பிப்ரவரி 6

லேசர் பிரிவின் மூத்த பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தந்தையார் நலம் பெற்றிருப்பார் என நம்புகிறேன். வெளியூர்ப் பயணம் இன்னும் பத்து நாள் நீள்வதால் இதை எழுத்தில் சொல்கிறேன்.

நம் கணினியின் வேகத்தைக் கூட்ட ஒரு புதிய பணியிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். லேசர் துடிப்புகளை வடிவமைப்பதில் கைதேர்ந்தவர் வேண்டும். வேகமான சிப் பக்கத்திலிருந்து வருபவராக இருந்தால் நல்லது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் உங்கள் தங்கை. அவர் குழு கலைவதாகக் கேள்விப்பட்டேன்.

நான் நேரடியாக எழுதுவது முறையல்ல. இங்கே பணியாற்றுபவரின் உறவினர் விண்ணப்பித்தால், பணியாற்றுபவர் "எனக்குத் தெரியும், மறுப்பு இல்லை, தேர்வில் தலையிட மாட்டேன்" என்று கையெழுத்திட்ட படிவம் வேண்டும் என்பது நம் விதி. படிவம் இணைத்துள்ளேன். கையெழுத்திட்டு அவருக்கு அனுப்பிவிடுங்கள். கடைசித் தேதி ஏப்ரல் 15.

உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத் தலைவர்

பிப்ரவரி 20

அன்புள்ள சிட்டு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. இங்கே விசேஷமாக ஒன்றும் இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு சுற்றுக்குப் பதினாலு மில்லி செகண்ட். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள். ஆனால் எங்கள் கஷ்டம் உனக்குப் புரியாது. இரண்டு அயனிகளும் ஒரே கூண்டில் தொங்குகின்றன. ஒன்றை லேசரால் தட்டினால் இன்னொன்றும் ஆடும். அந்த ஆட்டம் வழியாகத்தான் இரண்டும் பேசிக்கொள்ளும். பேச்சு முடியும்போது ஆட்டமும் அடங்கியிருக்க வேண்டும். ஓங்கித் தட்டினால் சீக்கிரம் பேசும், ஆனால் ஆட்டம் அடங்காமல் கணக்கு தப்பிவிடும். ஒரு சுற்று முடிந்ததும் சூடாகியிருக்கும். குளிர வைக்க வேண்டும், பொறுக்க வேண்டும். அயனி என்றால் அப்படித்தான். உன் சிப்பைப் போல அவசரக் குடுக்கை இல்லை.

வேலை போவதாக எழுதியிருந்தாய். உனக்கா கிடைக்காது? வாசலில் வரிசையில் நிற்பார்கள். கவலைப்படாதே.

அப்பா உன் படத்துக்கு நாலு மூலையிலும் காந்தம் வைத்துவிட்டார், காற்றில் ஆடுகிறதாம்.

அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே எழுதுகிறேன். எல்லாரும் சுகம்தானே? எனக்கு லேசாக ஜலதோஷம், அவ்வளவுதான்.

பதினாலா? நிஜமாகவா? சிரிக்கவில்லை, பேப்பரை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். குளிர வைக்க மூன்று மில்லி. உன் படிகள் எல்லாம் சேர்த்தாலும் அரை மில்லி தாண்டாது. விடையைப் படிக்க இன்னொரு அரை. ஆக மொத்தம் நாலு. மீதிப் பத்து மில்லி செகண்ட் எங்கே போகிறது? அயனி தின்னுமா என்ன? அலைகாட்டியை லேசர் பாதையில் மாட்டி, எது எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்று ஒரே ஒரு சுற்றைப் பார். தொண்ணூறை அறுபதாக்க நீ உயிரை விட்டுக்கொண்டிருக்கிறாய், பத்தாயிரம் மைக்ரோ எங்கேயோ சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தொண்ணூறுக்கும் ஒன்று தோன்றுகிறது. ஓங்கித் தட்டாதே. லேசரின் பலத்தை மெதுவாக ஏற்றி, நடுவில் அழுத்தி, மெதுவாக இறக்கு. வளைவு வரைந்து அனுப்பியிருக்கிறேன். எங்கள் சிப்பில் இதைத்தான் செய்கிறோம். உன் அயனிக்கு ஒத்துவருமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

நான் மூன்று இடத்தில் விண்ணப்பித்தேன், மூன்றிலும் இல்லை. எங்கள் பதினேழு பேரும் ஒரே கதவுகளைத்தான் தட்டுகிறோம். உங்கள் ஆய்வகத்தில் புதிதாக ஆள் யாரும் எடுக்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

உடனே எழுது.

சிட்டு

மார்ச் 19

(அனுப்பாதது)

சிட்டு,

நலமா என்று கேட்கவில்லை. இது உனக்குப் போகப்போவதில்லை.

பத்து மில்லி செகண்டைக் கண்டுபிடித்துவிட்டேன். கட்டுப்பாட்டு நிரலில் நானூற்றுப் பன்னிரண்டாம் வரி. "பத்து மில்லி காத்திரு." எழுதியவள் நான். எட்டு வருஷத்துக்கு முன் லேசரை மறைக்க ஒரு இரும்புத் தகடு இருந்தது. அது இறங்கி மூட எட்டு மில்லி எடுக்கும், எதற்கும் இருக்கட்டும் என்று பத்து வைத்தேன். ஐந்து வருஷத்துக்கு முன் தகட்டைக் கழற்றிவிட்டு மின்சார மறைப்பான் வைத்தோம். அது ஒரு மைக்ரோவில் மூடும். தகடு போய்விட்டது, வரி இருக்கிறது. ஐந்து வருஷமாக, இல்லாத தகடு இறங்குவதற்காக ஒவ்வொரு சுற்றும் காத்திருக்கிறது. அயனி என்றால் அப்படித்தான் என்று நானும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ பார்க்காமலேயே சொல்லிவிட்டாய். ஒரு ஜலதோஷத்தோடு, ஒரு பேப்பரில்.

வரியை அழித்ததும் சுற்று நாலு மில்லியானது. உன் வளைவைப் போட்டதும் தொண்ணூறு முப்பத்தைந்தானது, பிழையும் கூடவில்லை. ஆய்வகத்தில் என்னிடம் வேலை பழகும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "எப்படிக்கா தோணுச்சு?" என்று கேட்டார்கள். தோன்றியது என்றேன்.

தலைவர் கொடுத்த படிவம் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. ஆறு வாரமாக. தினமும் திறக்கிறேன், பார்க்கிறேன், மூடுகிறேன். நீ வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதத்தில் எல்லாரும் உன் மேசையைச் சுற்றி நிற்பார்கள். நான் "சிட்டுவோட அக்கா" ஆகிவிடுவேன். வீட்டில் ஏற்கெனவே அப்படித்தான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருந்தது, மூன்று வகுப்பு மேலே படித்தும். இந்த ஓர் அறைதான், இந்த இரண்டு நீலப் புள்ளிதான், உன் நிழல் படாத இடம். இதையும் நான் ஏன் கொடுக்க வேண்டும்?

எனக்குப் பொறாமைதான். காய்ச்சல் மாதிரி வந்து போகிற பொறாமை இல்லை, கூடவே வளர்ந்தது. உன்னை எனக்குப் பிடிக்கும் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருப்பதுதான் என் தலையெழுத்து.

இதைக் கிழித்துப் போட வேண்டும்.

மார்ச் 28

அன்புள்ள சிட்டு,

எல்லாரும் நலம். ஜலதோஷம் சரியாகிவிட்டதா?

நீ சொன்னபடி நேரத்தை அளந்து பார்த்தோம். சில சிறு மாற்றங்கள் செய்திருக்கிறோம். ஓரளவு முன்னேற்றம்.

நீ கேட்டிருந்தாய். இங்கே ஆள் எடுப்பதாகத் தெரியவில்லை.

வேலை அதிகம், பிறகு விவரமாக எழுதுகிறேன். அப்பா உன்னைக் கேட்டதாகச் சொன்னார்.

அக்கா

மே 2

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்பாவும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

பத்திரிகையில் உங்கள் படம் பார்த்தேன். "மூன்றரை மடங்கு வேகம்: அயனிக் கணினியில் அமைதியான சாதனை." சந்தோஷம். அப்பா இரண்டு பிரதி வாங்கி, ஒன்றைக் கதவில் ஒட்டிவிட்டு இன்னொன்றை வெட்டி அனுப்பியிருந்தார். கூடவே என் பழைய படத்தையும் மடித்து அனுப்பியிருந்தார். கதவில் இரண்டுக்கும் இடம் போதவில்லையாம், என்னிடம் பத்திரமாக இருக்கட்டுமாம். பாவம், நல்ல மனசோடுதான் செய்திருப்பார்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. லிஃப்ட் செய்யும் ஒரு நிறுவனத்தில், கட்டுப்பாட்டுப் பிரிவு. எந்த மாடியில் யார் பொத்தானை அழுத்தினால் எந்தப் பெட்டி போக வேண்டும் என்ற கணக்கு. ஜூன் முதல் தேதி சேர்கிறேன். குவாண்டம் இல்லை. ஆனால் ஜனங்கள் காத்திருக்கிற நேரத்தைக் குறைக்கிற வேலைதான்.

கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்ளுங்கள்.

தங்கள் தங்கை

மே 16

என் சிட்டு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை.

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், மரியாதை கொடுத்து அடிக்க எப்போது கற்றுக்கொண்டாய்?

உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தெரியாவிட்டால் என் வாயாலேயே தெரிந்துகொள். இங்கே வேலை இருந்தது. தலைவர் உன்னைத்தான் நினைத்தார். என் கையெழுத்து ஒன்றுதான் தேவைப்பட்டது. நான் போடவில்லை. கேட்டபோது ஆள் எடுக்கவில்லை என்று பொய் சொன்னேன். மறந்துவிட்டேன் என்று உன்னிடம் கதைவிட மாட்டேன், தினமும் நினைவிருந்தது. அந்தப் பத்து மில்லியும் உன்னுடையது, வளைவும் உன்னுடையது. கைதட்டலை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன். பொறாமை, சிட்டு. வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், இல்லை.

நேற்றுத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க தங்கச்சி விண்ணப்பிக்க விருப்பமில்லைன்னு சொல்லிட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். ஆமாம், அதையும் சொல்லியிருக்கிறேன். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, ஜூலையில் சேர்கிறார். இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் உன் பெயரை முதலில் போட்டுத் திருத்தி அனுப்பிவிட்டேன். ஆய்வகக் கூட்டத்தில் பிள்ளைகளிடமும் சொன்னேன். எல்லாரும் டீ குடிக்கப் போகும்போது என்னைக் கூப்பிடவில்லை.

இன்னோர் இடம் வந்தால் என்று படிவத்தில் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இப்போது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவிடமும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவில் இருந்த என் படத்தை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை.

நீ என்று ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

ஜூன் 4

அக்கா,

அழாதே, கண்ணுக்கு ஆகாது. நான் சௌக்கியம். நாலு நாளாக லிஃப்ட் கம்பெனிக்குப் போய்வருகிறேன்.

நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று நினைக்காதே. உங்கள் விளம்பரத்தைப் பிப்ரவரி எட்டாம் தேதியே பார்த்துவிட்டேன். விண்ணப்பத்தை அன்றைக்கே எழுதி முடித்தாயிற்று. உன் கையெழுத்துக்கான படிவம் மட்டும் பாக்கி. உன்னிடம் வாய்விட்டுக் கேட்க மனசு வரவில்லை. நீயே அனுப்புவாய் என்று இருந்தேன். உன் கடிதம் ஒவ்வொரு முறை வந்ததும் பிரிப்பதற்கு முன்னால் உறையைத் தடவிப் பார்ப்பேன், உள்ளே இரண்டு தாள் இருக்கிறதா என்று. ஒரு தாள்தான் இருக்கும். நடுவில் ஒருமுறை சும்மா கேட்பது போலக் கேட்டும் பார்த்தேன்.

உன் பொய் வந்த பிறகு கோபத்தில் ஏப்ரல் பதினாலாம் தேதி கிளம்பி வந்தேன். ஆமாம், உன் ஊருக்கு. உங்கள் ஆய்வக இணையதளத்திலிருந்து நானே எடுத்த வெற்றுப் படிவம் பையில் இருந்தது. உன் ஆய்வக வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றேன். மூஞ்சிக்கு நேரே நீட்டி, போடு கையெழுத்து, நீ எழுதிய அந்தச் 'சிறு மாற்றம்' என்னுடைய பத்து மில்லிதானே என்று நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

நீ வெளியே வந்தாய். சுற்றிலும் ஏழெட்டுப் பிள்ளைகள். ஒருத்தன் உன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். நீ கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாய், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்படி நீ சிரித்து நான் பார்த்ததே இல்லை, அக்கா. நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்ததில்லை. நான் இருந்ததால் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

எனக்கும் பொறாமை வந்தது. பத்திரிகையில் என் படம் வந்த வாரத்திலேயே எங்கள் பதினேழு பேரில் ஒருவர்கூட என்னோடு டீ குடிக்க வந்ததில்லை. உனக்கு அவ்வளவு பேர். அந்த வட்டத்தில் எனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று பட்டது. சொல்லப்போனால் உன் இடமே வேண்டும் என்று பட்டது. நீ எதற்குப் பயந்திருப்பாய் என்று புரிந்தது, அது சரிதான். வந்திருந்தால் எடுத்திருப்பேன்.

அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அப்பாவைக்கூடப் பார்க்கவில்லை.

நீ தெருவைக் கடந்தபோது பத்தடி தூரத்தில்தான் நின்றேன். அக்கா என்று ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாய், அங்கேயே, என் முதுகில் வைத்தே. அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கூப்பிடவில்லை.

சிட்டு